சட்டத்தில் ஒரு மணி, ஊரில் ஒரு மணி: நேர எல்லைகளை வரைபடமாக்குவது எப்படி

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வைக்கும் வழக்கம் உண்டு. ‘பாகன் டைம்’ என்பார்கள். நம்ம வால்பாறை எஸ்டேட்டில் அந்த வழக்கம் இல்லைங்க. மில்லில் சங்கு சீக்கிரம் ஊதினால் மாறியது வேலை நேரம் மட்டும்தான். கடிகார முள்ளையே தள்ளி வைத்தால்தான் நேர மண்டலம் மாறியதாகக் கணக்கு. இந்த வித்தியாசம் பிடிபட்ட பிறகு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைத் திறங்க.

1. லேயர்கள். ஒரே ஜியோபேக்கேஜ் (வரைபடத் தரவுக் கோப்பு வகை) கோப்பில் ‘சட்டம்’, ‘நடைமுறை’ என இரண்டு பாலிகன் (பரப்பைக் காட்டும் மூடிய வடிவம்) லேயர்கள், இபிஎஸ்ஜி 4326 என்ற அட்சரேகை-தீர்க்கரேகை முறையில். ஷேப்ஃபைல் என்ற பழைய கோப்பு வகை வேண்டாம். அதில் அட்டவணைப் பத்தியின் பெயருக்கு 10 பைட்தான் இடம். ஒரு தமிழ்க் குறிக்கே 3 பைட் போவதால் பெயர் பாதியில் வெட்டுப்படும்.

2. பத்திகள். மண்டலம், நிமிடம், தொடக்கம், முடிவு, ஆதாரம். யுடிசி எனும் உலகப் பொது நேரத்திலிருந்து உள்ள வித்தியாசத்தை நிமிடத்தில் எழுதுங்க: இந்தியா 330, பாகன் டைம் 390. ஆஸ்திரேலியாவின் யூக்லா என்ற ஊர், சட்ட அங்கீகாரம் இல்லாமலே 525-இல் ஓடுகிறது. முழு மணிக் கணக்கில் போட்டால் அந்த முக்கால் மணி காணாமல் போகும். பாகன் டைமுக்கு ஐயானா பட்டியலில் (கணினிகள் பயன்படுத்தும் நேர மண்டலப் பெயர்ப் பட்டியல்) பெயர் கிடையாது. நிமிடம் ஒத்துப்போகிறதே என்று மியான்மரின் யாங்கோன் பெயரைப் போடாமல், மண்டலம் பத்தியைக் காலியாக விடுங்க. கோடையில் கடிகாரம் மாற்றும் நாடுகளுக்கு மண்டலப் பெயர்தான் ஆதாரம், நிமிடம் மட்டும் போதாது.

3. அடிப்படைத் தரவு. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து உருவாக்கிய நேர மண்டல ஜியோஜேசன் கோப்பு இலவசமாகக் கிடைக்கிறது. அதைச் சட்ட எல்லை என்று நம்பிவிடாதீங்க. யூக்லா அதில் தனி மண்டலமாகவே இருக்கிறது. சட்ட லேயரை அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துத் திருத்த வேண்டும். அமெரிக்காவில் இது போக்குவரத்துத் துறையின் பொறுப்பு.

4. வெட்டி ஒட்டுதல். அலபாமாவின் பீனிக்ஸ் சிட்டி சட்டப்படி மத்திய நேரம். ஆற்றுக்கு அக்கரையிலுள்ள ஜார்ஜியாவின் கொலம்பஸோடு பிழைப்பு பின்னிக் கிடப்பதால் ஊர் ஓடுவது கிழக்கு நேரத்தில். சட்டக் கோட்டை நகர்த்தக் கூடாது. நடைமுறை லேயரில், ‘டிஃபரன்ஸ்’ (ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றைக் கழிக்கும்) கருவியால் மத்திய மண்டலத்திலிருந்து நகர எல்லைப் பாலிகனை வெட்டுங்க; அதே பாலிகனை நியூயார்க் மண்டலமாக (ஐயானா பட்டியலில் கிழக்கு நேரத்தின் பெயர்) ஒட்டுங்க. கையால் வரைந்தால் ஓரம் பொருந்தாது. இதிலும் ஒரு சிக்கல் வரலாம்: நகர எல்லையும் மாநில எல்லையும் ஆற்றோரம் ஒட்டவில்லையென்றால் நடுவே மத்திய நேரம் மெல்லிய நாடாவாக மிஞ்சும். ஆற்றோரத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, ஸ்னாப்பிங்கை (அருகிலுள்ள முனையோடு தானாக ஒட்டும் வசதி) 10 பிக்சலில் வைத்து முனைகளைச் சேருங்க.

5. ஆதாரம். “கடை எத்தனை மணிக்குத் திறப்பீங்க?” என்ற கேள்வி உதவாது. “சுவர்க் கடிகாரத்தில் இப்ப மணி என்னங்க?” என்று கேட்டு, அந்த நொடியின் யுடிசி நேரத்தையும் சேர்த்துக் குறியுங்க. செல்போன் நேரத்தைச் சாட்சியாக எடுக்காதீங்க. எல்லையோரத்தில் அது அக்கரை டவரைப் பிடித்திருக்கலாம். தேதியும் முக்கியம்: நெவாடாவின் வெஸ்ட் வெண்டோவரில் வழக்கமாக இருந்த மலை நேரம் 1999-இல் சட்டமே ஆகிவிட்டது. ஜாக்பாட் ஊரில் அது இன்னும் வழக்கம் மட்டுமே.

6. கோடு போட முடியாத இடம். சீனாவின் சின்ஜியாங்கில் ஒரே தெருவில் உய்குர் மக்கள் பலர் 360-ஐயும், ஹான் மக்கள் 480-ஐயும் பின்பற்றுகிறார்கள். அங்கே இரண்டு பாலிகன்களும் ஒன்றன்மேல் ஒன்றாகவே இருக்கட்டும். வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறதா என்று சோதிக்கும் டோபாலஜி செக்கர் பிழை காட்டினாலும் அழிக்காதீங்க. இடத்தை வைத்து இணைக்கும்போது ‘ஒன்றுக்குப் பல’ என்பதைத் தேர்ந்தெடுங்க. இல்லையென்றால் மென்பொருள் முதலில் கிடைத்த நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.