ஓவர்கிளாக் ஆசையில் போர்டு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய பாகம் வாங்கி கம்ப்யூட்டர் கட்டும் நம் பையன்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, கே போட்ட பிராசஸர்தானே வாங்கினேன், ஏன் வேகம் ஏற மாட்டேங்குது?" என்ன போர்டு என்று கேட்டால் பி760 என்பார்கள். அதோடு கதை முடிந்தது.

ஓவர்கிளாக் என்றால் பிராசஸரை அதற்கு நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. இன்டெலில் பிராசஸர் அதற்குத் திறந்திருந்தால் (பெயரில் உள்ள 'கே' அதன் அடையாளம்) மட்டும் போதாது, போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்பான சிப்செட்டும் (பி760, இசட்790 எல்லாம் அதன் பெயர்கள்) இடம் கொடுக்க வேண்டும். ஐ5-13600கே-யின் உச்ச மல்டிப்ளையர் (100 மெகாஹெர்ட்ஸ் பேஸ் கிளாக்கைப் பெருக்கும் எண்) 51, அதாவது 5.1 கிகாஹெர்ட்ஸ். இசட்790 போர்டில் 52, 53 என்று ஏற்றிப் பார்க்கலாம். பி760-இல் குறைக்க விடும். 51-ஐத் தாண்ட விடாது. ஆனால் ராம் வேகத்தை ஏற்ற அது அனுமதிக்கும். அதை வைத்துத்தான் விற்பவர் 'ஓவர்கிளாக் போர்டு' என்று விளம்பரம் போடுகிறார். பொய்யில்லை, பாதி உண்மை. எச்610-இல் அந்தப் பாதியும் கிடையாது.

ஏஎம்டி பக்கம் ரைசன் எல்லாமே திறந்ததுதான் என்று ஏ520 போர்டை வாங்கிவிடுகிறார்கள். அதில் ஏற்ற முடியாது, பி550 போன்ற போர்டு வேண்டும். 5800எக்ஸ்3டி என்றால் எந்த போர்டு போட்டாலும் மல்டிப்ளையர் பூட்டுதான். அதன் மேலே அடுக்கியிருக்கும் கேஷ் நினைவகம் அதிக வோல்டேஜைத் தாங்காது.

பழைய வீடியோவை நம்பி பேஸ் கிளாக்கில் கைவைப்பது அடுத்த தப்பு. 2015 கடைசியில் ஸ்கைலேக் பிராசஸர்களில், கே இல்லாதவற்றைக்கூட அப்படி ஏற்ற சில போர்டு கம்பெனிகள் பயாஸ் (போர்டை இயக்கும் உள்மென்பொருள்) வெளியிட்டது உண்மை. 2016-இல் புதிய பயாஸ் மூலம் அந்த வழி அடைக்கப்பட்டது. வெளியே தனி கிளாக் சிப் இல்லாத சாதாரண போர்டில் 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கோடு எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு இணையும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையும் சேர்ந்தே ஏறும். சில சதவீதம் தாண்டினாலே எஸ்எஸ்டி தகராறு செய்ய ஆரம்பிக்கும்.

அதற்காக, புதிய பயாஸ் வந்தால் வேகம் போய்விடும் என்று அப்டேட்டையே தள்ளிப்போடுவது இருக்கிறதே, இதுதான் எல்லாவற்றிலும் மோசம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசஸர்கள் சில அளவுக்கு மீறிய வோல்டேஜ் கேட்டு மெல்ல மெல்லப் பழுதாயின. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோட் (பயாஸ் அப்டேட் வழியே பிராசஸருக்குப் போகும் திருத்தம்) அதை 1.55 வோல்ட்டில் நிறுத்தியது. ஏற்கெனவே பழுதானதை அது சரிசெய்யாது. ஏஎம்டியும் 2023-இல் ரைசன் 7000-க்கு எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் மெமரி கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போவது) 1.3 வோல்ட்டுக்குள் அடக்கியது, சில பிராசஸர்கள் சாக்கெட்டோடு கருகிய பிறகு. இந்த வரம்பைத் தாண்ட பழைய பயாஸுக்குத் திரும்பச் சொல்பவர் உங்கள் பிராசஸருக்குப் பணம் தரப்போவதில்லை.

பழைய போர்டு வாங்குமுன் சிபியு-இசட் மென்பொருளின் மெயின்போர்டு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சிப்செட் பெயரும் பயாஸ் தேதியும் அதிலேயே தெரியும்.

அப்டேட்டை யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். 2023-இல் லோட் ஷெடிங் (அட்டவணை போட்டுச் செய்யும் மின்வெட்டு) ஆறாம் கட்டம் வரை போன நாடு இது. அட்டவணையில் இல்லாத நேரத்திலும் கரண்ட் போகும். பாதியில் நின்றால் போர்டு எழாது. பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தால் பென்டிரைவ் வைத்து மீட்கலாம். இரண்டு போர்டு ஒரே விலையில் கிடைத்தால், எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, அந்தப் பட்டன் உள்ளதையே எடுங்கள்.