பிசிஓஎஸ் இருந்தால் சோற்றை எப்படிச் சாப்பிடுவது

பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்கும்போது, பின்கழுத்து கருத்துத் தடித்திருக்கிறதே என்று "கழுத்தை ஏத்தித் தைச்சிடுங்கக்கா" என்பார்கள். அது அழுக்கு இல்லம்மா, தேய்த்தால் போகாது. ரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது; பெரும்பாலும் அதன் அடையாளம்தான் இது. அந்த அதிகப்படி இன்சுலின் சினைப்பையிலும் ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடும். தாடையில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிடாய் எல்லாம் அதனால்தான். சினைப்பையைப் பாதிக்கும் இந்த ஹார்மோன் கோளாறைத்தான் பிசிஓஎஸ் என்கிறார்கள். எனக்கும் உண்டு. ஒல்லியான பெண்களுக்கும் வரும்.

முதலில் மகளிர் மருத்துவரைப் பாருங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மருத்துவமனைதான், தயங்காமல் போகலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மல் என்றதும் விட்டுவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையைக் கேளுங்கள். அதில் சர்க்கரை 140 மி.கி./டெ.லி.யைத் தொட்டாலே கவனிக்க வேண்டும்.

சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். மதியம் பட்டினி கிடந்தால் சாயங்காலப் பசி நேராக அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடைக்குத்தான் இழுக்கும். பாதித் தட்டு கீரை, பொரியல். கால் தட்டு மீனோ முட்டையோ சுண்டலோ. மீதிக் கால் தட்டில் சோறு. காயையும் மீனையும் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம் சோற்றில் கை வையுங்கள். அதே சோறுதான், ஆனால் சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. வஞ்சிரம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. காசிமேட்டு மத்தியும் கானாங்கெளுத்தியும் அருமையான மீன்கள், குழம்பு வையுங்கள். டீயில் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், நாட்டுச்சர்க்கரை போடுவதில் பிரயோஜனம் இல்லை. அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

சாப்பிட்டதும் உட்காராமல் 10, 15 நிமிடம் நடங்கள். வேலை செய்யும் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். எங்கள் சந்தில் பைக் இடிக்காமல் நடக்க முடியாது, அதனால் எனக்கு மொட்டைமாடிதான். வாரத்தில் 2 நாள் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது என்று தசைக்கும் வேலை கொடுங்கள். உடம்பு பெருத்தவர்கள் இளைக்க வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். 70 கிலோ இருப்பவர் மூன்றரைக் கிலோ குறைத்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்கலாம்.

இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவும் மெட்ஃபார்மின் மாத்திரையை மருத்துவர் கொடுத்தால் சாப்பாட்டோடு போடுங்கள். ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும். நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைத்து மெதுவாகக் கூட்டுவார். வருஷக்கணக்கில் போடுபவர்கள் வைட்டமின் பி12 குறைகிறதா என்று பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கருமுட்டை மறுபடி வெளிவரத் தொடங்கலாம். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள் கருத்தடை பற்றியும் கேட்டுவிடுங்கள். 3 மாதம் மாதவிடாய் வராவிட்டால் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றாலும் மருத்துவரிடம் போங்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துக்கொண்டே போவது நல்லதில்லை.