‘டென்ஷன்தான், வேற ஒண்டுமில்ல’ என்று திருப்பி அனுப்பாமலிருக்க: கொழும்பில் டொக்டரிடம் போகும் பெண்களுக்கு

ஓ.பி.டி. வரிசையில் காலை முழுக்க நின்றாலும் டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடம்தான். அப்போது “வயிறு சரியான நோவு” என்று மட்டும் சொன்னால் கொப்பியில் ஏறுவதும் அவ்வளவுதான். “மூன்று மாதமாக, மாதத்துக்கு நான்கு நாள் வேலைக்குப் போகேலாமல் இருக்கு” என்றால் வேறு மாதிரி எழுதப்படும். நோவை எண்ணாக மாற்றிக்கொண்டு போவதுதான் இங்கே வேலை.

பெண்களுக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை? ஹிஸ்டீரியா என்ற பெயரே கருப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. காரணம் பிடிபடாத பெண் நோவெல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் அதற்குள் போடப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியல் அதைக் கைவிட்டது 1980இல்தான். பெயர் போனாலும் பழக்கம் போகவில்லை. இங்கே அதற்கு ‘டென்ஷன்’ என்று பெயர், சில வேளை ‘கெஸ்ட்ரைட்டிஸ்’.

மாதவிடாய் நோவு

மூன்று சுற்றுக்கு எழுதுங்கள், ஒரு கொப்பித் தாள் போதும். இரத்தம் தொடங்கிய திகதி, ஒரு நாளில் எத்தனை பேட், இரவில் எத்தனை தரம் எழும்பி மாற்றினீர்கள், நோவு பத்துக்கு எத்தனை. குளிசையின் பெயரும் மில்லிகிராமும், எத்தனை போட்டீர்கள், எவ்வளவு நேரத்தில் குறைந்தது. அதைவிட முக்கியம், எதைச் செய்ய முடியாமல் போனது: பஸ்ஸில் நிற்க, சமைக்க, பரீட்சை எழுத. இன்னும் மூன்றைச் சேருங்கள். சிறுநீர் கழிக்கும்போது, மலம் போகும்போது, உடலுறவின்போது நோகிறதா? வெட்கத்தில் விட்டுவிடுவது இவற்றைத்தான். எண்டோமெட்ரியோசிஸை, அதாவது கருப்பையின் உட்சவ்வு போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளரும் நோயை, நினைக்க வைப்பவையும் இவைதான்.

ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைவது, ஏழு நாளுக்கு மேல் போவது, பத்து ரூபாய்க் குற்றியளவு, அதாவது 2.5 சென்றிமீற்றருக்கு மேல் கட்டி விழுவது: இதில் ஒன்று இருந்தாலும் எப்.பி.சி. என்ற முழு இரத்தச் சோதனையோடு பெரிட்டினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் 12க்கு மேலே இருந்தாலும் உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்திருக்கலாம். அதைக் காட்டுவது பெரிட்டின். காய்ச்சல், கிருமித் தொற்று உள்ள கிழமையில் எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து நிற்கும், தள்ளிப்போடுங்கள். பேட் மணிக்கு ஒன்றாக நனைந்து, தலை சுற்றினால் கிளினிக் நாளுக்குக் காத்திராமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

அதிகமானோர் நின்றுவிடும் இடம் “ஸ்கேன் நோர்மல்”. ஸ்கேனில் சூலகக் கட்டிகள் தெரியும். வயிற்றின் உட்சவ்வில் ஒட்டியிருக்கும் சின்னப் புள்ளிகள் பெரும்பாலும் தெரியாது. எண்டோமெட்ரியோசிஸைக் கண்டுபிடிக்க நான்கு முதல் பன்னிரண்டு வருடம் போகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே “ஸ்கேனில் தெரியாத எண்டோமெட்ரியோசிஸ் இருக்கலாமா?” என்று கேட்டு, வி.ஓ.ஜி. (மகப்பேறு, பெண் நோய் நிபுணர்) கிளினிக்குக்குக் கடிதம் வாங்குங்கள். லப்ரொஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கமராவால் பார்ப்பது) செய்யாமலே ஹோர்மோன் குளிசையில் சிகிச்சையைத் தொடங்கலாம்.

“பிள்ளை பிறந்தால் சரிவரும்” என்பார்கள். கர்ப்பத்தில் மாதவிடாய் நிற்பதால் நோவும் நிற்கலாம், நோய் போகாது.

கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று இல்லம் 1879இலேயே திறக்கப்பட்டது. தாய்மார் மரணத்தைக் குறைத்ததில் இலங்கைக்கு நல்ல பெயரும் உண்டு. ஆனால் பெண் நலம் என்றால் பிரசவம் என்றே பழகிவிட்டோம். மிட்வைப்பின் பதிவேடும் குடும்பங்களைச் சுற்றியே இருக்கிறது, கல்யாணம் கட்டாதவர்கள் தாங்களாகப் போய்த்தான் கேட்க வேண்டும்.

நெஞ்சு

பெண்களுக்கும் மாரடைப்பில் நெஞ்சு நோவதே வழமை. ஆனால் மூச்சு வாங்குதல், தாடை அல்லது முதுகு நோவு, சத்தி, காரணமில்லாத களைப்பு ஆகியவை அதோடு கூடுதலாக வருவதால் கதை கெஸ்ட்ரைட்டிஸ் பக்கம் போய்விடுகிறது. இப்படி வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு எடுத்து சுவசெரிய அம்பியூலன்ஸைக் கூப்பிடுங்கள், த்ரீவீல் வேண்டாம். வைத்தியசாலைக்கு வந்து பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பதே நியமம். முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் முடிந்துவிடாது. இதயத் தசை பழுதானால் இரத்தத்தில் கூடும் ட்ரொபோனினை சில மணித்தியால இடைவெளியில் இரண்டாம் தரமும் பார்க்க வேண்டும். பரவலாகப் பாவிக்கும் உயர் உணர்திறன் ட்ரொபோனின் ஐ சோதனை ஒன்றில் ஆண்களுக்கான எல்லை லீற்றருக்கு 34 நானோகிராம் (ng/L), பெண்களுக்கு 16 மட்டுமே. ஒரே எல்லையால் அளந்தால் 25 உள்ள பெண் ‘நோர்மல்’ ஆகிவிடுவாள். ரிப்போட்டில் எந்த எல்லை அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

மருந்தளவு

1977இல் அமெரிக்க மருந்து நிர்வாகம், பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பகட்டச் சோதனைகளிலிருந்து ஒதுக்கியது, 1993இல்தான் மாற்றியது. நித்திரைக் குளிசை சொல்பிடெம் பெண்களின் உடம்பில் மெதுவாகவே வெளியேறுகிறது. 2013இல் அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆக்கினார்கள். புதுக் குளிசை தந்தால் “என் நிறைக்கு இது சரியா?” என்று கேட்பதில் பிழையில்லை.

மொழி

மகனையோ கணவரையோ மொழிபெயர்க்க விட்டால் மாதவிடாய்ப் பகுதி பாதியாகிவிடும். இந்த நாலு சிங்கள வரியையாவது பாடமாக்குங்கள்: ‘மட்ட ரிதெனவா’ என்றால் எனக்கு நோகிறது, ‘பப்புவ ரிதெனவா’ நெஞ்சு நோகிறது, ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’ மூச்செடுக்கக் கஷ்டம், ‘லே யனவா’ இரத்தம் போகிறது. எழுதிய தாளை மேசையில் வையுங்கள், எண்களுக்கு மொழி தேவையில்லை.

ஒரு சோதனை தேவையில்லை என்றால், “ஏன் தேவையில்லை என்று கொப்பியில் எழுதிவிடுங்கோ, டொக்டர்” என்று தணிவாகச் சொல்லுங்கள். எழுதப் பேனையை எடுக்கும் போது பல வேளை சோதனைத் துண்டே எழுதப்படும். வெளியே வந்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுங்கள். அடுத்த தடவை இருப்பது வேறொரு டொக்டராக இருக்கலாம்.