படகை மூன்று மாதம் எங்கே நிறுத்துவது?

படகைச் சில வாரங்களுக்கோ இரண்டு மூன்று மாதங்களுக்கோ நிறுத்தி வைக்க இடம் தேடுகிறவர்கள், எங்கே காலியிடம் இருக்கிறது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது, படகு எந்தெந்த மாதங்களில் அங்கே கிடக்கப்போகிறது என்பதுதான். ஆனி மாதத்தில் குளம்போல அசையாமல் கிடக்கும் ஒரு துறை, கார்த்திகையில் படகை உடைக்கும் இடமாக மாறிவிடும். இக்குறிப்பு தமிழ்நாட்டுக் கரையோரம் ஏழெட்டு மீட்டர் நீள ஃபைபர் படகு வைத்திருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

காற்று மாறினால் இடமும் மாற வேண்டும் என்பதைப் பாம்பன், மண்டபம் பகுதி மீனவர்களிடம்தான் கற்க வேண்டும். அங்கே வடக்கே பாக் நீரிணைக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா என்று இரு கடல்களும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் வைகாசி முதல் ஆவணி வரையிலான மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று கிளம்பியதும் நிலைமை தலைகீழாகிவிடும். அதனால் அவர்கள் பருவத்துக்கு ஏற்பப் படகுகளை ஒரு கடலிலிருந்து மற்றொரு கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். மற்றக் கரைகளில் இப்படி இரண்டு கடல்கள் கிடைக்காது. ஆனாலும் நிறுத்தப்போகும் மாதத்தில் காற்று எந்தத் திசையிலிருந்து வரும், அந்தத் திசையில் படகுக்கு மறைப்பாக என்ன இருக்கிறது என்ற கேள்வி எல்லாக் கரைக்கும் ஒன்றுதான்.

நம் கரையில் படகுகள் ஓய்வுக்கு வரும் காலங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலும், ஆக 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மற்றொன்று அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலம். கிழக்குக் கரையில் முதலாவதில் எதிரி வெயில். இரண்டாவதில் மழையும் புயலும். ஏப்ரலில் நல்ல இடமாக இருந்ததே என்று நவம்பரிலும் அங்கேயே விட்டுவைப்பதுதான் நான் அதிகம் கண்ட தவறு. கன்னியாகுமரியின் மேற்குக் கரையிலோ தடைக்காலமும் தென்மேற்குப் பருவமழையும் ஒன்றாகவே வருவதால், ஓய்வுக்காலத்திலும் அங்கே கடல் சும்மா இருப்பதில்லை.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மணற்கரையைத்தான். செலவில்லை, கண்ணெதிரே இருக்கும், இழுத்து ஏற்ற ஊரார் கைகொடுப்பார்கள். ஆனால் கரை என்பது நிலையான நிலம் அன்று. அலை எதுவரை ஏறும் என்பதை அறிய அளவுகோல் வேண்டாம். கரையில் வளரும் செடிகளே காட்டிக்கொடுக்கும். அடப்பங்கொடி பல ஆண்டுகளாகப் படர்ந்து தண்டு முற்றிக் கிடக்கிற இடத்துக்கும், இராவணன் மீசை புதராக மண்டியிருக்கும் மணல்மேட்டுக்கும் சாதாரண அலைகள் எட்டுவதில்லை. படகை அந்தக் கோட்டுக்கு மேலே, அந்தச் செடிகளை நசுக்காமல் வைக்க வேண்டும். மணலைப் பிடித்து நிறுத்துபவை அவைதான். கொடியே இல்லாத வெறும் மணல் எவ்வளவு அகலமாக இருந்தாலும், அதை நம்புவதற்கு முன் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கடந்த மழைக்காலத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்று கேட்டுவிடுவது நல்லது.

கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் கற்களைக் கொட்டி அமைக்கும் தூண்டில் வளைவுகளும் துறைமுகச் சுவர்களும் உள்ள ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் கிழக்குக் கரையோரமாக ஓர் ஆண்டில் மணல் மொத்தத்தில் தெற்கிலிருந்து வடக்காகவே நகர்கிறது. கடலுக்குள் நீளும் கற்சுவர் அதைத் தடுப்பதால், சுவருக்குத் தெற்கே மணல் சேர்கிறது. வடக்கே கரை அரிக்கப்படுகிறது. சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்ததும் இதனால்தான். புதுச்சேரியிலும் இதே கதை நடந்தது. ஆகவே சுவரின் வடபுறத்தில் படகை இரண்டு மாதம் விட்டுப்போகிறவர், திரும்பி வரும்போது படகுக்கும் கடலுக்கும் நடுவே கரை குறைந்திருப்பதைக் காண நேரலாம்.

நிழலுக்காகத் தென்னை மரத்தடியைத் தேடுவது இயல்பு. ஆனால் முற்றிய தேங்காய் ஒன்று விழுந்தாலே ஃபைபர் தோலில் விரிசல் விழும், மட்டை விழுந்தால் எஞ்சின் தாங்கி நெளியும், புயலில் மரமே சாயும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலில் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகள் எப்படிச் சரிந்தன என்பதைப் பார்த்தவர்கள் மரத்தடியை நம்ப மாட்டார்கள். வெயிலுக்குத் தென்னங்கீற்றால் தாழ்வான பந்தல் போட்டுக்கொள்வதே போதும். நீலத் தார்ப்பாயைப் படகின் மேல் இழுத்துக் கட்டுவதைவிடக் கீற்று எனக்கு மேலாகத் தோன்றுகிறது. தார்ப்பாய்க்குள் காற்றோட்டம் இல்லாததால் புழுக்கத்தில் மரப்பகுதிகள் பூசணம் பிடிக்கின்றன, காற்றடிக்கும் நாளில் பாய் படபடத்துப் படகின் மேல்பூச்சையும் உரசித் தேய்க்கிறது. மழைக்காலத்தில் மட்டும் தார்ப்பாய் தேவை; அதையும் நடுவில் ஒரு மூங்கிலை நீளவாக்கில் தாங்கவிட்டு, தண்ணீர் இருபுறமும் வழியும்படி கட்ட வேண்டும்.

மழைநீரின் எடையைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். எட்டு மீட்டர் நீளமும் சராசரியாக ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள திறந்த படகில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,200 லிட்டர், அதாவது ஒன்றேகால் டன்னை நெருங்கும் தண்ணீர் தேங்கும். வடகிழக்குப் பருவத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை பெய்வது அரிதன்று. நீரில் மிதக்கும் படகானால் மூழ்கும். கரையில் கிடக்கும் படகானால் தாங்கு கட்டைகளின் மேல் அமர்ந்து அடிப்பாகம் நெளியும். எனவே படகின் அடியில் நீர் வடியும் துளையை அடைத்திருக்கும் தக்கையைக் கழற்றிவிட்டு, அணியம் என்னும் முன்முனை சற்று உயர்ந்தும் பின்புறம் தாழ்ந்தும் இருக்கும்படி வைக்க வேண்டும். கழற்றிய தக்கையைக் கயிற்றில் கோத்துப் படகிலேயே கட்டிவிடுங்கள். கடலில் இறக்கும் நாளில்தான் அது காணாமல் போயிருப்பது தெரியவரும்.

படகின் எடை முழுவதும் அடியின் நடுக்கோட்டில் இறங்க வேண்டும். அதன் கீழே முன், நடு, பின் என்று மூன்று இடங்களில் கட்டைகளை வைத்து, பக்கங்களில் மணல் மூட்டைகளோ பழைய டயர்களோ சாயாமல் காக்கும் அளவுக்கு மட்டும் இருந்தால் போதும். ஒரு பக்க வயிற்றில் மட்டும் எடை விழும்படி சாய்ந்து கிடக்கும் படகு, இரண்டு மாதத்தில் அந்த வடிவத்துக்கே போய்விடும். புயல் காலமானால் படகைக் கட்டவும் வேண்டும். முளைக்குச்சியை மணலில் அடித்துக் கட்டுவதில் பயனில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் குழி வெட்டி, தடித்த கட்டையைக் குறுக்காகப் புதைத்து, அதன் நடுவில் கட்டிய வடத்தை மேலே கொண்டுவந்து படகைப் பிணைத்தால் அது பிடிக்கும்.

ஆற்று முகத்துவாரமும் உப்பங்கழியும் இரண்டாவது தேர்வு. அலை இல்லாததால் பாதுகாப்பாகத் தோன்றும் இவ்விடங்களில் ஆபத்து கடலிலிருந்து வராமல் நிலத்திலிருந்து வரும். கொள்ளிடத்தின் முகத்துவாரமான பழையாற்றில் படகு கட்டுகிறவர், உள்ளூர் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேட்டூர் அணை 120 அடியை நெருங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். காவிரியின் உபரிநீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத்தான் திருப்பிவிடப்படுகிறது. ஆகவே கரையில் ஒரு துளி மழை இல்லாத ஆடி, ஆவணியிலும் ஆறு பெருகி வரும். வெள்ளத்தோடு மரக்கட்டைகளும் ஆகாயத்தாமரையும் திரண்டு வரும். ஆகாயத்தாமரை நங்கூரக் கயிற்றில் பாய்போலச் சுற்றிக்கொண்டால் நீரின் இழுவை பல மடங்காகி நங்கூரம் பெயர்ந்துவிடும். கோடையிலோ இதற்கு நேர்மாறாக, அடையாறு போன்ற சிறு ஆறுகளின் வாய் மணலால் அடைபட்டுப் போவதுண்டு. உள்ளே நிறுத்திய படகு வெளியே வர வழியின்றி மாட்டிக்கொள்ளும். நிறுத்தும் நாளில் வாய் திறந்திருப்பதைப் பார்த்துத் திருப்தியடையாமல், எடுக்க வேண்டிய நாளில் திறந்திருக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

கழியில் நங்கூரமிடுவதாயின் நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு நீளக் கயிறு விட வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்துக்குப் பதினைந்து முதல் இருபத்தொரு மீட்டர். அவ்வளவு கயிற்றில் படகு வட்டமடிக்க இடம் இல்லாவிட்டால், அணியத்தை ஆற்றின் மேல்நோக்கித் திருப்பி முன்னும் பின்னும் இரண்டு நங்கூரங்கள் போடலாம். இரண்டுக்கும் இடமில்லை என்றால் அது உங்கள் படகுக்கான இடமில்லை. நீரிலேயே கிடக்கும் படகின் அடியில் சில வாரங்களில் கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரி ஒட்டத் தொடங்கும். மரப்படகானால் கப்பல் புழு துளைக்கும். ஆகவே ஒரு மாதத்துக்கு மேல் போகும் நிறுத்தத்துக்கு நான் தண்ணீரை விரும்புவதில்லை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: பழைய மர வள்ளங்கள் வெயிலில் காய்ந்தால் பலகை சுருங்கிப் பொருத்துகள் விலகும். அவற்றைக் கரையில் வைப்பதானால் ஈரச் சாக்கு போர்த்தி அவ்வப்போது தண்ணீர் தெளிக்க ஆள் வேண்டும்.

மீன்பிடித் துறைமுகத்துக்குள் கட்டினால் கவலையில்லை என்பது பொதுவான எண்ணம். அலைத்தடுப்புச் சுவர் அலையைத் தடுக்கும். கடல் மட்டமே உயர்ந்து வருவதை அது தடுக்காது. கஜாவின்போது மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் துறைகளில் நின்ற விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல் என்பதால், புயற்காற்று தள்ளிவரும் நீர் அங்கே அதிகமாக உயரும். துறைமுகத்தில் இடம் பார்க்கும்போது எத்தனை வரிசையாகப் படகுகள் கட்டப்படுகின்றன என்பதைத்தான் முதலில் எண்ண வேண்டும். நான்காவது வரிசையில் நிற்கும் படகு, முன்னால் நிற்கும் மூன்று படகுகளின் கயிற்றை நம்பியே நிற்கிறது. அந்தக் கயிறுகளின் வயது உங்களுக்குத் தெரியாது. கட்டும் கயிற்றை இறுக்கிக் கட்டினால் நீர் ஏறும்போது படகு தொங்கலாகி, கட்டுத்தறி பிடுங்கிக்கொள்ளும். சற்றுத் தளர்வும் பக்கவாட்டில் டயர்களும் அவசியம். தடைக்காலத்தில் சறுக்குமேடையில் ஏற்றிப் பழுதுபார்க்க நினைப்பவர்கள், எல்லாரும் அதே 61 நாட்களுக்குள் ஏற்றப் பார்ப்பார்கள் என்பதால் முன்கூட்டியே முறையைப் பதிந்துகொள்ள வேண்டும்.

வீட்டு வளாகத்துக்கோ உள்நிலத்து மனைக்கோ கொண்டுபோவது செலவு மிகுந்தது. ஆனால் மழைக்காலம் முழுவதும் படகு தேவைப்படாது என்றால் அதுவே சிறந்தது. டிராக்டரோ சிறு லாரியோ திரும்ப வழி உண்டா, மனை பள்ளத்தில் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

எந்த இடமானாலும் எஞ்சினைக் கழற்றி நன்னீரில் ஓட்டிக் கழுவி வீட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். எரிபொருளும் மின்கலமும் படகில் இருக்கக் கூடாது. வலையையும் படகிலேயே குவித்து வைக்காதீர்கள். எலி கூடு கட்டும் என்பது ஒரு காரணம், தீ என்பது பெரிய காரணம். கோடையில் கரையோரக் குப்பைக்கு வைக்கிற தீ வலையில் பற்றினால் ஃபைபர் படகின் பிசினும் சேர்ந்து எரியும். அதை அணைப்பது கடினம். குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடலாம்.

இடம் யாருடையது என்ற கேள்வியும் உண்டு. கடற்கரை அரசு நிலமாகவே இருந்தாலும், ஒரு மீனவ ஊரின் முன்னால் எந்தப் படகு எங்கே கிடக்கலாம் என்பதை நடைமுறையில் முடிவு செய்வது ஊர்ப் பஞ்சாயத்துதான். வெளியூர்ப் படகானால் அவர்களிடம் முன்பே சொல்லி, வலை காயப்போடும் இடத்தையும் கரைவலை இழுக்கும் பாதையையும் மறிக்காமல் நிறுத்த வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டு வைத்த படகை ஊரே பார்த்துக்கொள்ளும். சொல்லாமல் வைத்ததை யாரும் தொட மாட்டார்கள், தண்ணீர் ஏறி வரும்போதும் தொட மாட்டார்கள். காப்பீடு இருந்தால், கரையேற்றி வைத்த காலத்துக்கும் புதிய இடத்துக்கும் அது பொருந்துமா என்று ஆவணத்தில் படித்துப் பாருங்கள். பதிவு எண் தெளிவாகத் தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்வதும் பின்னால் உதவும்.

முடிவு செய்வதற்கு முன் அந்த இடத்தை இருமுறை போய்ப் பார்க்க வேண்டும்: அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டி, கடல் ஏற்றத்தில் இருக்கும் நேரத்தில் ஒரு முறை; நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை. இரண்டிலும் கால் நனையாமல் படகு வைக்கும் இடம்வரை நடக்க முடிந்தால் அது நல்ல இடம். அதோடு, அங்கிருந்து இன்னும் மேட்டுக்கு இழுக்க வழியும் ஆளும் உண்டா என்று கேட்டுவையுங்கள். துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும்போது டிராக்டர்காரருக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். அவருடைய எண்ணையும் அவர் கேட்கும் கூலியையும் படகை ஏற்றும் அன்றே பேசி முடித்து, நீங்கள் ஊரில் இல்லாதபோது யார் சொன்னால் அவர் வருவார் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.