இங்கிலாந்தில் ஆசிரியர் வேலை: கணினி கேட்கும் காகிதங்கள்

இங்கே பள்ளியோ ஏஜென்சியோ உங்களை வேலைக்கு எடுக்கும்போது முதலில் ஆவணங்களை ஏற்றுவதற்கான ஒரு லிங்க்தான் வரும். அதில் நீங்கள் ஏற்றும் பாஸ்போர்ட், பட்டம், முகவரி, வேலை விவரங்களைப் பல இடங்களில் இப்போது மென்பொருளே ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒரு எழுத்து பொருந்தாவிட்டாலும் கோப்பு நின்றுவிடலாம்.

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். பி.எட். சான்றிதழில் ‘கவிதா எஸ்’, அனுபவச் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, பாஸ்போர்ட்டில் ‘கவிதா சுப்பிரமணியன்’. ஊரில் யாரும் இதைக் கேள்வி கேட்கமாட்டார்கள். மென்பொருளுக்கு இவர்கள் மூன்று பேர். எல்லாப் படிவத்தையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். ‘வேறு பெயர்கள்’ கட்டத்தில் இனிஷியல் போட்ட வடிவங்களையும் எழுதுங்கள். எல்லாம் ஒருவரே என்று நோட்டரியிடம் வாங்கிய அஃபிடவிட்டைப் பட்டச் சான்றிதழோடு சேர்த்து ஒரே பிடிஎஃப்பாக ஏற்றுங்கள். செல்போனில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம். வண்ணத்தில் ஸ்கேன் செய்து, மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தையும் சேருங்கள்.

அடுத்தது டிபிஎஸ் என்னும் குற்றப் பின்னணிச் சோதனை. கடந்த 5 ஆண்டு முகவரிகள் மாதம் விடாமல் வேண்டும், ஊர் முகவரி உட்பட. வந்த புதிதில் நண்பர் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தால் அதையும் எழுதுங்கள். நடுவில் இடைவெளி இருந்தால் படிவம் திரும்பி வரும். சான்றிதழ் வழங்கப்பட்ட தேதியிலிருந்து 30 நாளுக்குள் டிபிஎஸ்ஸின் இணைய அப்டேட் சேவையில் சேர்ந்துவிட்டால், அடுத்த பள்ளிக்குப் போகும்போது பெரும்பாலும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்காது. விசாவுக்காக வாங்கிய போலீஸ் சான்றிதழையும் பத்திரமாக வையுங்கள், பள்ளியும் கேட்கும். துபாயிலோ மஸ்கட்டிலோ வேலை பார்த்திருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் தேவைப்படலாம்.

நன்னடத்தைக் கடிதத்தைக் கையில் வாங்கி வந்தால் போதாது. பழைய தலைமை ஆசிரியருக்குத் தானியங்கி மின்னஞ்சல் போகும். அவர் அதைத் திறந்து பதில் எழுத வேண்டும். அது ஸ்பேமில் விழுந்து கிடக்கும், அல்லது மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார். முன்கூட்டியே போன் செய்து, ‘சார், இங்கிலாந்திலிருந்து மெயில் வரும், கொஞ்சம் பாருங்கள்’ என்று சொல்லிவையுங்கள். ஜிமெயில் முகவரி கொடுத்தால் சந்தேகம் எழும். பள்ளியின் பெயரில் உள்ள முகவரியைக் கேட்டு வாங்குங்கள்.

வேலையில்லாத மாதங்களை மறைக்காதீர்கள். டிஆர்பி தேர்வுக்குப் படித்தீர்களா, பிரசவமா, அப்படியே எழுதுங்கள். இடைவெளிக்குக் காரணம் கேட்பது இங்கே குழந்தைகள் பாதுகாப்பு விதி.

வேலை உரிமையைக் காட்ட, இணையத்தில் உள்ள உங்கள் இ-விசா கணக்கிலிருந்து ஷேர் கோடு என்னும் குறியீட்டை எடுக்க வேண்டும். வேலைக்கான கோடு ‘டபிள்யூ’ எழுத்தில் தொடங்கும், 90 நாள் செல்லும். ‘ஆர்’ எழுத்தில் தொடங்குவது வீட்டு வாடகைக்கு. அதைப் பள்ளிக்குக் கொடுத்தால் எடுபடாது. பாஸ்போர்ட் புதுப்பித்தவுடன் அந்தக் கணக்கிலும் எண்ணை மாற்றுங்கள்.

கியூடிஎஸ் என்னும் இங்கிலாந்து ஆசிரியர் தகுதிக்கு, 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கணிதம், அறிவியல் அல்லது மொழிப் பாடம் கற்பிக்க இந்தியாவில் பயிற்சி பெற்றவர்கள் 2023 பிப்ரவரி முதல் அரசு தளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆசிரியர் வேலை தேடித் தருவதற்கு ஏஜென்சி உங்களிடம் பணம் வாங்குவது இங்கே சட்டவிரோதம், கேட்டால் கொடுக்காதீர்கள்.