கழுத்தோடு சேர்கிற ஷேட்

திருச்சி மலைக்கோட்டைப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் 11 வருடமாக மேக்கப் கவுண்டரில் நிற்கிறேன். முக நிறத்தைச் சீராகக் காட்டப் பூசுகிற ஃபவுண்டேஷன் வாங்க வருகிறவர்களில் பாதிக்கு மேல், "அக்கா, இருக்கறதுலயே லைட் ஷேடா குடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன். "கொஞ்சம் வாசலுக்கு வாங்கம்மா" என்று கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

கடை விளக்கில் எல்லா ஷேடும் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். புறங்கையில் தடவிப் பார்ப்பதும் சரிவராது, கை நிறம் வேறு, முக நிறம் வேறு. காதுக்குக் கீழே, தாடை ஓரத்திலிருந்து கழுத்தைத் தொடுகிற மாதிரி மூன்று ஷேடை மூன்று கோடாக இழுங்கள். பகல் வெளிச்சத்தில் பத்து நிமிடம் பொறுங்கள். சில ஃபவுண்டேஷன் காற்றுப் பட்டதும் ஒரு படி கறுக்கும். எந்தக் கோடு இருக்கிற இடம் தெரியவில்லையோ அதுதான் உங்கள் ஷேட்.

போன மாதம் ஒரு கல்லூரிப் பெண் அம்மாவோடு வந்தாள், நல்ல கருப்பு. முதல் இரண்டு கோடும் விபூதி பூசின மாதிரி சாம்பலாக நின்றன. மூன்றாவதைக் காணோம். அம்மா கிட்டப் போய்த் தாடையைத் திருப்பித் திருப்பித் தேடினார். நம் தோலுக்கு அடியில் மஞ்சளோ செம்மையோ ஓடும். அதன் மேல் ரோஸ் கலந்த வெளிர் ஷேடைப் போட்டால் சாம்பல்தான் தட்டும்.

ஃபவுண்டேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியது இரண்டுதான். முகம் கழுவி, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர். எண்ணெய் வழிகிற முகத்துக்கு ஜெல் போதும். அப்புறம் சன்ஸ்கிரீன். எஸ்பிஎஃப் என்பது டியூபில் போட்டிருக்கிற வெயில் தடுப்பு எண். அது 30 என்றால் தோலைச் சுடுகிற புறஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. அந்த ஒரு சதவீதத்துக்காகக் காசைக் கொட்ட வேண்டாம், தடவுகிற அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் போட வேண்டும். வெள்ளையாகப் படிகிறது என்று விட்டுவிடாதீர்கள், நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கேளுங்கள். அதில் இருக்கிற இரும்பு ஆக்சைடு, மங்கு உள்ளவர்களுக்குக் கூடுதலாகவே உதவும்.

வெள்ளையாக்கும் க்ரீம் கேட்டு வருகிறவர்களிடம் என் கதையைச் சொல்லிவிடுவேன். 22 வயதில் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஒரு டியூப் வாங்கினேன். மூன்றே வாரத்தில் முகம் பளபளத்தது. நிறுத்தியதும் இரண்டு கன்னமும் சிவந்து, அடுப்புப் பக்கம் நிற்க முடியாமல் எரிந்தது. தோல் டாக்டர் டியூபைத் திருப்பி க்ளோபெட்டசால் என்ற பெயரைக் காட்டினார். ஸ்டீராய்டு. முகம் பழையபடி ஆக ஒன்றரை வருடம் ஆனது. க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், இந்தப் பெயர்கள் இருந்தால் டாக்டர் சொல்லாமல் முகத்தில் வைக்கவே கூடாது. எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டு வெயிலில் போவதும் வேண்டாம், தோல் வெந்து கருந்திட்டு விழும்.

சரி, வேலைக்குப் போகிற நாளில் ஃபவுண்டேஷன் முகம் முழுக்கத் தேவையே இல்லை. கண்ணுக்கடியில், மூக்கோரம், உதட்டைச் சுற்றி, அவ்வளவுதான். ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள், இழுக்காதீர்கள். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் காம்பாக்ட் பவுடர். கண்மை வழிகிறவர்கள் கீழ் இமைக்கு அடியில் கொஞ்சம் பவுடர் ஒற்றிக்கொண்டால் மத்தியானம் வரை நிற்கும். லிப்ஸ்டிக் மெரூனும் செங்கல் நிறமும் நமக்கு அழகாக எடுக்கும்.

ராத்திரி எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கலைத்துவிட்டுப் படுங்கள். கண்மைக்குப் பஞ்சில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். பரு வருகிற முகம் என்றால் அந்த எண்ணெயைக் கன்னத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஸ்டிக்கர் பொட்டையும் எடுத்துவிடுங்கள். சில பசையில் இருக்கிற ரசாயனம் பொட்டு வைக்கிற இடத்தையே வெள்ளையாக்கிவிடும். அரிப்போ வெளுப்போ தெரிந்தால் அன்றைக்கே அதை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.