ஷேடோ பிரீஸ்ட்: முதல் லெவலில் இருந்து ஷேடோஃபார்ம் வரை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக் என்ற ஆன்லைன் கேமில் பிரீஸ்ட் என்றாலே பலருக்கும் ஹீலர், அதாவது கூட்டாளிகளின் காயத்தை ஆற்றுபவர்தான் நினைவுக்கு வரும். அதே பிரீஸ்ட்டை நிழல் மந்திரத்தால் எதிரியைத் தீர்த்துக்கட்டுபவராகவும் வளர்க்கலாம். அதுதான் ஷேடோ பிரீஸ்ட். இந்த கேமில் எனக்கு மிகவும் பிடித்த கிளாஸ் (பாத்திர வகை) இது. புதிதாக எடுப்பவர்கள் ஒவ்வொரு சண்டைக்கும் மேனாவை (மந்திரம் போடச் செலவாகும் சக்தி) காலி செய்துவிட்டு, தண்ணீர் குடிக்க உட்கார்ந்து உட்கார்ந்தே அலுத்துப்போய் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மேனாவை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொண்டால் போதும், இந்த கிளாஸ் ஓடிக்கொண்டே இருக்கும்.

1. இனம்

கேமில் அலையன்ஸ், ஹோர்டு என்று இரண்டு அணிகள். அலையன்ஸில் ஹியூமன், டுவார்ஃப், நைட் எல்ஃப். ஹோர்டில் அன்டெட், ட்ரோல். இந்த ஐந்தில் எதையும் எடுக்கலாம். அன்டெட்டுக்கு லெவல் 20-இல் டெவவரிங் பிளேக் என்ற கூடுதல் ஸ்பெல் கிடைக்கும். எதிரியின் உயிரை உறிஞ்சி உங்களுக்குத் தரும். ஆனால் நண்பர்கள் எந்தப் பக்கம் ஆடுகிறார்களோ அந்தப் பக்கம் போவதுதான் நல்லது.

2. லெவல் 10 வரை

தொடக்கத்தில் கையில் இருப்பது ஸ்மைட். அது நிழல் அல்ல, புனித மந்திரம். கவலை வேண்டாம், அதையே அடியுங்கள். லெவல் 4-இல் ஷேடோ வேர்ட்: பெயின் வரும். ஒருமுறை போட்டால் 18 விநாடிக்கு எதிரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கும்.

லெவல் 5 ஆனதும் முதல் வேலையாக ஒரு வாண்ட் (மந்திரக்கோல்) வாங்குங்கள். என்சான்டர்கள் செய்யும் லெஸ்ஸர் மேஜிக் வாண்ட் ஏல மையத்தில் கிடைக்கும். லெவல் 13-இல் கிரேட்டர் மேஜிக் வாண்டுக்கு மாறிக்கொள்ளலாம். வாண்டால் சுட ஒரு துளி மேனாகூட வேண்டாம். இந்தக் கட்டத்தில் உங்கள் அடியில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வரும். நல்ல உடைகளைத் தேடி அலைவதைவிட நல்ல வாண்டுக்குச் செலவழிப்பது எவ்வளவோ மேல்.

3. டேலண்ட்

டேலண்ட் என்பது புள்ளி போட்டு நீங்களே தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன். லெவல் 10 முதல் லெவலுக்கு ஒரு புள்ளி. முதல் 5 புள்ளிகளை ஷேடோ பக்கம் உள்ள ஸ்பிரிட் டேப்பில் போடுங்கள்; அதன் பலனை அடுத்த பகுதியில் பார்க்கலாம். அடுத்த 5 டிசிப்ளின் பக்கம் உள்ள வாண்ட் ஸ்பெஷலைசேஷனில்; வாண்டின் அடி 25% கூடும். அப்புறம் ஷேடோ பக்கம் திரும்பி, ஷேடோ வேர்ட்: பெயினை 24 விநாடிக்கு நீட்டும் டேலண்டில் 2, மந்திரம் எதிரியிடம் தோற்றுப்போகாமல் காக்கும் ஷேடோ ஃபோகஸில் 3. இப்படிப் போனால் லெவல் 25-இல் மைண்ட் ஃபிளே கைக்கு வரும். அடிக்கும்போதே எதிரியின் வேகத்தைப் பாதியாக்கும் ஸ்பெல் அது.

4. ஒரு சண்டையை எப்படி ஆடுவது

இங்கேதான் நிதானம் தேவை. சண்டையைத் தொடங்கும் முன்பே உங்கள் மேல் பவர் வேர்ட்: ஷீல்டு போட்டுக்கொள்ளுங்கள். கவசம் நிற்கும்வரை எதிரி அடித்தாலும் உங்கள் மந்திரம் தாமதமாகாது. தூரத்தில் நின்றபடி மைண்ட் பிளாஸ்ட் (நேரடியாக அடிக்கும் நிழல் ஸ்பெல்). எதிரி ஓடி வரும்போதே ஷேடோ வேர்ட்: பெயின். அவன் உங்களை நெருங்கியதும் கைவசம் இருந்தால் ஒரு மைண்ட் ஃபிளே. அவ்வளவுதான், இனி மேனாவைத் தொடாதீர்கள். மிச்சத்தை வாண்டும் பெயினும் பார்த்துக்கொள்ளும்.

ஏன் இப்படி? மேனா செலவாகும் ஸ்பெல் ஒன்றைப் போட்டால், அடுத்த 5 விநாடிக்கு ஸ்பிரிட் (மேனா ஊறும் வேகத்தைத் தீர்மானிக்கும் குணம்) மூலம் மேனா ஊறுவது நின்றுவிடும். வாண்டால் சுடும்போது அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரி சாகும்போது 5 விநாடி தாண்டியிருந்தால், ஸ்பிரிட் டேப் எழுந்து 15 விநாடிக்கு உங்கள் ஸ்பிரிட்டை இரட்டிப்பாக்கும் அதே நொடியில் மேனாவும் முழு வேகத்தில் ஊறத் தொடங்கும். அந்த 15 விநாடியும் நடந்துபோய் அடுத்த எதிரியைத் தேடுவதற்கே சரியாக இருக்கும். நீலப்பட்டை உங்கள் கண்முன்னே ஏறுவதைப் பார்க்கலாம். மாறாக, சாகப்போகிறவன் மேல் ஆசைப்பட்டு இன்னொரு மைண்ட் பிளாஸ்ட் போட்டால், ஸ்பிரிட் டேப் இருப்பதால் மேனா ஊறுவது முழுதாக நிற்காவிட்டாலும், அந்த 15-இல் முதல் 5 விநாடி பாதிப் பலனோடு போய்விடும்.

அனுபவப் புள்ளி தரும் எதிரியைக் கொன்றால்தான் ஸ்பிரிட் டேப் வேலை செய்யும். பெயர் சாம்பல் நிறமாகத் தெரியும் எதிரிகளிடம் மெனக்கெட வேண்டாம்.

5. இரண்டு பேர் சேர்ந்து வந்தால்

இருவர் மேலும் பெயின் போட்டுவிட்டு, ஒருவனை வாண்டால் முடியுங்கள். நிலைமை கைமீறினால் லெவல் 14-இல் வரும் சைக்கிக் ஸ்கிரீம் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவர்கள் பயந்து ஓடுவார்கள். குகைக்குள் மட்டும் அதை யோசித்துப் பயன்படுத்துங்கள். ஓடியவன் திரும்பி வரும்போது கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வருவான்.

6. டஞ்சனில்

குழுவாகப் போய்ச் சண்டையிடும் டஞ்சனில் "ஹீல் பண்றீங்களா?" என்று கட்டாயம் கேட்பார்கள். லெவல் ஏறும் காலத்தில் ஷேடோ டேலண்டோடு தாராளமாக ஹீல் செய்யலாம். அதற்கென்று ஸ்பிரிட் உள்ள உடைகளைப் பையில் வைத்திருங்கள். அடிப்பவராகப் போனால், மைண்ட் பிளாஸ்டைச் சண்டை தொடங்கியதுமே போடாதீர்கள். அந்த ஸ்பெல் எதிரியின் கோபத்தை அதிகமாகவே இழுக்கும். டேங்க் (முன்னால் நின்று அடி வாங்குபவர்) அவனைப் பிடித்து நிறுத்தும்வரை பொறுங்கள். அப்படியும் உங்கள் மேல் திரும்பினால், அந்தக் கோபத்தைத் தற்காலிகமாகக் குறைக்கும் ஃபேட்டைப் போடுங்கள்.

7. லெவல் 40

ஷேடோஃபார்ம் என்ற நிழல் உருவ டேலண்டை எடுக்க அதோடு சேர்த்து ஷேடோவிலேயே 31 புள்ளிகள் வேண்டும். லெவல் 40-இல் மொத்தமே 31 புள்ளிகள்தான். அதில் 5 வாண்டுக்குப் போயிருக்கும். ஆகவே அன்றைக்கே எடுக்க வேண்டுமென்றால் டிரெய்னரிடம் போய் டேலண்டைக் கலைத்துவிட்டு மறுபடி போட வேண்டும். முதல் முறைக்கு 1 கோல்டு, அடுத்ததற்கு 5, பிறகு ஏறிக்கொண்டே போகும். முதல் முறையை இதற்கென்றே சேமித்து வையுங்கள்.

ஷேடோஃபார்மில் நிழல் மந்திரத்தின் அடி 15% கூடும், உடல்மேல் விழும் ஆயுத அடி 15% குறையும். புனித மந்திரங்கள் எதுவும் வேலை செய்யாது. ஷீல்டு போன்ற டிசிப்ளின் மந்திரங்களைப் போடலாம். பார்ட்டியில் யாருக்காவது அவசரமாக ஹீல் தேவைப்பட்டால் உருவத்தைக் கலைக்கத் தயங்காதீர்கள். திரும்ப நுழைய மேனா செலவாகும்தான், ஆனால் டேங்க் செத்தால் எல்லாரும் கல்லறையிலிருந்து ஓடிவர வேண்டியிருக்கும். வழியில் கிடைத்திருக்கும் வேம்பைரிக் எம்பிரேஸையும் மறக்க வேண்டாம். எதிரிமேல் அதைப் போட்டுவிட்டால் நீங்கள் கொடுக்கும் நிழல் அடியில் 20% அளவுக்குப் பார்ட்டி முழுவதற்கும் உயிராகத் திரும்பும். ஹீலருக்குப் பெரிய உதவி.